மறுபடி பாடும்போது

வணக்கம். கவர் பாடல்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒருவர் பாடி வெளியிட்டதை இன்னொருவர் தன் பாணியில் மறுபடி பாடுகிறாரே, அதுதான். 'சொந்தச் சரக்கு இல்லாதவர்கள் செய்கிற வேலை' என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய கலைஞர்களிடம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

1994ல் 'நைன் இன்ச் நெய்ல்ஸ்' என்ற பெயரில் பாடிவந்த ட்ரென்ட் ரெஸ்னர் 'ஹர்ட்' என்றொரு பாட்டை வெளியிட்டார். இருபதுகளில் இருந்த ஒருவர் தன்னையே வெறுத்துப் பாடியது. முணுமுணுப்பாக ஆரம்பித்து, கடைசியில் காதை அடைக்கும் இரைச்சலில் போய் முடியும். எட்டு ஆண்டுகள் கழித்து, 2002ல், எழுபது வயது அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் அதைப் பாடினார். வரிகள் கிட்டத்தட்ட அப்படியேதான். கிரீடத்தைப் பற்றிய வரியில் இருந்த ஒரு கொச்சைச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டார். அது முள்கிரீடம் ஆனது. ஆனால் பாட்டே வேறாகிவிட்டது. குரல் நடுங்குகிறது, சில இடங்களில் மூச்சு போதவில்லை. பின்னணியில் பியானோவின் ஒரே சுரம் விடாமல் தட்டப்பட்டு, அதன் சத்தம் மேலே மேலே ஏறுகிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் போய்விடுவார்கள் என்று இளைஞர் பாடினால் அது பயம். கேஷ் பாடும்போது, போனவர்களின் பெயர்கள் அவருக்குத் தெரியும் என்று நமக்குப் புரிகிறது. ரெஸ்னருக்கு முதலில் இது ஒட்டவில்லை. கேஷ் பாடிய வீடியோவைப் பார்த்த பிறகு, அந்தப் பாட்டு இனி தன்னுடையது இல்லை என்று அவரே சொன்னார். மறு ஆண்டு கேஷ் காலமானார்.

நல்ல கவருக்கு என் அளவுகோல் இதுதான்: முதலில் பாடியவர் பாடியிருக்கவே முடியாத ஒன்று அதில் இருக்க வேண்டும். அச்சு அசலாகப் பாடுவதற்கு அசலே போதுமே. அதேபோல எந்தப் பாட்டையும் மெதுவாக்கி, ஒற்றைக் கிட்டாரோடு கிசுகிசுத்தால் ஆழம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடுவோம்.

இண்டி இசைக்காரர்களுக்கு இங்கே ஒரு தனி இடம் உண்டு. பெரிய நிறுவனத்தின் தயவு இல்லாமல் தாங்களே பதிவு செய்து வெளியிடுகிறவர்கள் இவர்கள். 1977ல் இங்கிலாந்தின் 'பஸ்காக்ஸ்' குழு 500 பவுண்டு கடன் வாங்கித் தன் முதல் இசைத்தட்டைத் தானே கொண்டுவந்தது. எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதைக்கூட உறையில் அச்சிட்டார்கள். 'இவ்வளவுதான் விஷயம், நீங்களும் செய்யலாம்' என்கிற தைரியம் அது. விற்குமா என்று கேட்க மேலே ஆள் இல்லாதபோது, மறக்கப்பட்ட ஒருவரின் பாட்டை எடுத்துப் பாடவும் தடை இல்லை. அந்தச் சூழலிலிருந்து வந்த, 'நிர்வாணா' குழுவின் பாடகர் கெர்ட் கோபெய்ன், உலகப் புகழ் பெற்ற பிறகும் இந்த வழக்கத்தை விடவில்லை. 1993 நவம்பரில் அந்தக் குழு தொலைக்காட்சிக்காக நடத்திய கச்சேரியில் 'மீட் பப்பெட்ஸ்' என்ற இன்னொரு குழுவின் மூன்று பாடல்களை, அவர்களையே மேடையேற்றிப் பாடினார். கடைசிப் பாட்டு, 1949ல் மறைந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி பாடியது. லெட் பெல்லிக்கும் அது சொந்தம் இல்லை. அவருக்கு முன்பே மலைப்பகுதிகளில் வாய்வழியாகப் புழங்கிய நாட்டுப்பாடல். அசலைத் தேடிப் போனால் சில சமயம் இப்படித்தான், பிடி கிடைக்காது.

பிடி கிடைக்கிற இடத்தில் ஒருவரைச் சொல்கிறேன். எலிசபெத் காட்டன். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண், இடதுகைப் பழக்கம். வலதுகைக்காரர்களுக்குக் கட்டிய கிட்டாரைத் தந்திகளை மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். அதனால் எல்லாரும் கட்டைவிரலால் மீட்டும் கீழ்ச்சுரங்களை அவர் மற்ற விரல்களால் மீட்டினார். மெட்டு கட்டைவிரலுக்குப் போனது. 'ஃப்ரைட் ட்ரெயின்' (சரக்கு ரயில்) என்ற பாட்டைச் சிறுமியாக இருக்கும்போதே கட்டிவிட்டார். அப்புறம் பல பத்தாண்டுகள் கிட்டாரையே தொடவில்லை. சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டுவேலை செய்யப் போனவர், அங்கிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தபோதுதான் அவர்களுக்கே விஷயம் தெரிந்தது. முதல் இசைத்தட்டு 1958ல், அறுபது வயதுக்கு மேல். அதற்குள் அந்த ரயில் பாட்டு இங்கிலாந்துக்குப் போய், வேறு இருவர் பெயரில் உரிமை பதிவாகி, வேறொரு குழு பாடி வெற்றியும் பெற்றிருந்தது. அவருடைய பெயர் பாட்டில் ஏறியது பிற்பாடுதான். 1985ல் கிராமி இசை விருது வாங்கும்போது தொண்ணூறை எட்டியிருந்தார்.

அதனால் ஒரு கவர் பிடித்துப்போனால் பாடியவரோடு நிற்காதீர்கள். எழுதியவர் யார் என்று பாருங்கள், அவர் குரலிலேயே பதிவு இருந்தால் அதையும் கேளுங்கள். முதல் தடவை அது பிடிக்காமல் போகலாம், பழகிய காது முரண்டு பிடிக்கும். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். காட்டனில் ஆரம்பிப்பதானால், முதலில் குரலை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் கவனியுங்கள். மெட்டு வாசிப்பது கட்டைவிரல் என்பதை மறந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.