ஜெபிக்கும்போது தூங்கிவிடுகிறேன், இது பாவமா?

மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "காலை நாலு மணிக்கு எழுந்து சமையல். பிறகு கொழுந்தெடுக்கப் போகிறேன். ராத்திரி முழங்காலில் நின்றால் இரண்டு நிமிடத்தில் கண் சொக்கிவிடுகிறது. 'ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா' என்று இயேசுவே கேட்டாரே என்று சபையில் சொல்கிறார்கள். தினமும் ஒரே வார்த்தைகள்தான் வாயில் வருகின்றன. என் ஜெபம் கேட்கப்படுமா?"

கேட்கப்படும் சகோதரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது மத்தேயு 26:40. சிலுவைக்கு முந்தின ராத்திரி, கெத்செமனே தோட்டத்தில் தூங்கிவிட்ட சீஷர்களிடம் இயேசு கேட்டது அது. அடுத்த வசனத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லையா? "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது." கண்டித்த அதே மூச்சில் சீஷர்களுடைய அசதியையும் புரிந்துகொள்கிறார். அவர்கள் துக்கத்தினாலே தூங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். மறுபடியும் வந்து பார்க்கிறார், அப்போதும் தூக்கம். மத்தேயுவின்படி, அவர்களை விட்டுப் போய் மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம்பண்ணினார். கவனியுங்கள், அந்த வார்த்தைகளையே! ஆண்டவரே கெத்செமனேயில் ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று அவர் சொன்னது, அதிகம் பேசினால்தான் தேவன் கேட்பார் என்று நினைக்கிறவர்களுக்கு. உங்களுக்கு அல்ல.

என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர்தான். இடுப்பில் படுதாவை இறுக்கிக் கட்டும்போதே உதடு அசையத் தொடங்கிவிடும். அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவும்போதும் அசையும். ஒரு தேயிலை நிரைக்கு ஒரு பிள்ளை என்று எங்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். நிரை முடிந்தால் அடுத்த பிள்ளை. மழையில் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? பிள்ளை வேண்டி ஆலயத்தில் ஜெபித்த அன்னாளுக்கும் உதடுகள் மாத்திரம்தானே அசைந்தன! ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறிக்காரி என்று நினைத்தார், தேவனோ சாமுவேலை மகனாகக் கொடுத்தார். ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியா, ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் ஜெபித்தார். அங்கே அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்?

ஆகவே தனி ஜெபம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்று இயேசு சொன்னாரே. லயத்தில் இருப்பது ஒரே அறை, அதில் ஐந்து பேர் படுத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எல்லோரும் எழும்பும் முன், அடுப்பு மூட்டுகிற அந்த நேரம்தான் உங்கள் அறைவீடு. உலை கொதிக்கும்வரை உட்காருங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதை அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். களைத்துப்போன ராத்திரியில் ஒரு வரி சொல்லிவிட்டுப் படுங்கள், போதும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரியின் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, வாரத்தில் இரண்டு நாள் ராத்திரிச் சோற்றை நீங்கள் வடித்தால், அவர் அரைமணி நேரம் வேதத்தோடு உட்காருவார். இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள்.