கடைத்தேங்காயும் குப்பை வண்டியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலை நாள் மாலையிலும் நமக்காக வந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே (அவர் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்குத் தனி வணக்கம்; நான் வேகமாகப் போனால் கையைத் தூக்குங்கள் தம்பி), என்னைப் பற்றி இல்லாததையெல்லாம் எடுத்துச் சொன்ன செயலாளர் அவர்களே, கூடத்தை இலவசமாகத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். மாநில மசோதாக்களை நகர அலுவலர்கள் எப்படி எடைபோடுகிறார்கள், அதற்கான பணம் யாருடையது, அதிகாரம் மாநிலத்துக்கா நகரத்துக்கா. தலைவர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவதற்கு இன்னொரு கூட்டம் போடுவோம்.

நம் கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மசோதாக்கள் தாக்கலாகின்றன. அவற்றில் நம் தண்ணீர், தெரு, குப்பை, நூலகத்தைத் தொடுவது எது என்று சலித்தெடுப்பது பல ஊர்களில் ஓரிரு அலுவலர்களின் வேலை. நகர மன்றம் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட கொள்கைக் குறிப்போடு மசோதா ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் நிதி, சட்டம், பொதுப்பணித் துறைகளிடம் கருத்துக் கேட்பார்கள். முடிவில் ஆதரவு, எதிர்ப்பு, திருத்தினால் ஆதரவு, திருத்தாவிட்டால் எதிர்ப்பு, கவனித்து வருவோம் என்று ஏதாவது ஒரு நிலை. மேயர் கையெழுத்திட்ட கடிதம் சட்டமன்றக் குழுவுக்குப் போகும்.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மசோதாவின் உள்ளே இருப்பதையெல்லாம் உருவிவிட்டு, அதே எண்ணில் வேறொன்றைத் திணிக்கும் வித்தையும் அங்கே உண்டு. 2016இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 54ஆம் முன்மொழிவுக்குப் பிறகுதான், இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பாவது இணையத்தில் வரவேண்டும் என்றானது. 72 மணி நேரம்! கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை பார்க்கவே நமக்கு அது போதாது.

சரி, பணத்துக்கு வருகிறேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். புண்ணியம் உடைத்தவருக்கு, நஷ்டம் கடைக்காரருக்கு. இதைத் தடுக்கத்தான் 1979இல் 4ஆம் முன்மொழிவு வந்தது. மாநிலம் புது வேலையைச் சுமத்தினால் செலவையும் அதுவே தரவேண்டும் என்று கலிபோர்னியா அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். ஆனால் அந்த வேலைக்கு நகரமே கட்டணம் வசூலித்துக்கொள்ள முடியுமென்றால் மாநிலம் தரவேண்டியதில்லை. அதனால் விவரம் தெரிந்த அலுவலர், செலவு யாருடையது என்று சொல்லும் மசோதாவின் கடைசிப் பிரிவை முதலில் படிப்பார். மட்கும் குப்பையைப் பிரித்தெடுக்கச் சொன்ன மாநில செனட் மசோதா எஸ்.பி. 1383 நினைவிருக்கிறதா? 2016இல் சட்டமாகி, 2022 ஜனவரி முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. நோக்கம் நல்லது, நான் ஆதரிக்கிறேன். செலவை நகரங்கள் கட்டணமாக வசூலித்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொன்னது. நகரம் வசூலிப்பது என்றால் யாரிடம்? கடைத்தேங்காய் நீங்களும் நானும்தான்.

ஓய்வுபெற்ற பெண் அலுவலர் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். ஊர் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வீடு இன்னொரு குப்பைத்தொட்டி கொடுக்கச் சொல்லி ஒரு மசோதா. நிதித்துறை தொட்டியின் விலையைப் போட்டது, சட்டத்துறை 'சிக்கல் இல்லை' என்றது. அந்த அம்மா 'செலவு குறைவு' என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்துவிட்டார். மாலை வண்டி நிறுத்துமிடத்தில் குப்பை வண்டி ஓட்டுநர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொல்ல, அவர் சிரித்திருக்கிறார். "காலையில் என்னோடு வாருங்கள் அம்மா."

விடியுமுன் போனார். குறுகிய சந்து, இரண்டு பக்கமும் கார்கள். வண்டியின் இயந்திரக் கை தொட்டியைப் பிடிக்க இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டும். ஓட்டுநர் இறங்கி, கைகளை அகல விரித்துக் காட்டினாராம், "இவ்வளவு." இருந்த தொட்டிகளுக்கே அது இல்லை. ஒவ்வொன்றாக இழுத்துவந்து வைத்து, ஏறி, தூக்கி, மறுபடி இறங்கி! சந்து முடிவதற்குள் அம்மாவுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. இன்னொரு தொட்டி என்றால் இன்னொரு ஆள், இன்னொரு மணி நேரம். அலுவலகம் போனதும் 'குறைவு' என்ற சொல்லை அடித்தார். மசோதா குழுவிலேயே நின்றுபோனது. அந்தக் கடிதத்தால்தான் நின்றது என்று நான் அளக்கமாட்டேன்.

நம் கோரிக்கை இதுதான், உறுப்பினர் அவர்களே. மசோதாவை ஆராயும் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: 'இந்த வேலையைக் கையால் செய்கிறவரிடம் கேட்டீர்களா? என்ன சொன்னார்?' குப்பை என்றால் ஓட்டுநர், குழாய் என்றால் குழிக்குள் இறங்குபவர். இதற்குச் சட்டம் வேண்டாம், நிதி வேண்டாம். இதைக்கூடச் செய்யாமல் கடைத்தேங்காயை உடைத்தால், சிதறுவதைப் பெருக்குவதும் அவர்கள்தான்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்றவர்கள் போகும்போது போட்டுவிட்டுப் போங்கள், முகவரியும் எழுதுங்கள். நம் நகரத்தில் குடியிருப்பவரா என்று கேட்பார்கள்.