அறிந்தே நிற்கிறார்கள்

அவைக்கு வணக்கம். நடுவர் அவர்களே! “வறுமை நிதி பறிபோகிறது என்று அமெரிக்கத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்துத் தெருவில் நிற்பது, அறிந்து செய்வதா? ஏவி விடப்படுவதா?” இதுதான் இன்றைய தலைப்பு. அறிந்தே செய்கிறார்கள் என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கு பட்ஜெட் என்ன தெரியும்? பள்ளியில் வறுமை குறைந்ததால்தானே நிதி நின்றது, அதற்கு மகிழ்ச்சி அடையாமல் போராட்டம் எதற்கு? ‘நாங்கள் ஏழைகள்’ என்று குழந்தையை ஊர் பார்க்க நிற்க வைப்பது அவமானம் இல்லையா? மூன்றாவது கேள்வி நியாயமானது, அதற்குக் கடைசியில் வருகிறேன். விவகாரமே இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த நிதிக்கு ‘டைட்டில் ஒன்’ என்று பெயர். 1965 ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்சாஸில் தான் சிறுவயதில் படித்த பழைய பள்ளிக்கூடத்து வாசலில், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் முதல் பகுதி அது. இளைஞராக இருந்தபோது கொட்டூலா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். ஏழைப் பிள்ளைகள் கூடிப் படிக்கும் பள்ளிக்குக் கூடுதல் கை வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். 2024 நிதியாண்டில் இதற்கு ஒதுக்கியது சுமார் 1,840 கோடி டாலர்.

இந்தப் பணம் பள்ளிக்கு வரும் வழியைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் வறுமை மதிப்பீட்டை அடிப்படையாக வைத்து, நான்கு சூத்திரங்களின்படி, பணம் மாநிலம் வழியாகப் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது ஒரு வட்டாரத்துப் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புக்கு, வருகிறது. மாவட்டம் தன் பள்ளிகளை வறுமை விழுக்காட்டின்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துகிறது. 75 விழுக்காட்டைத் தாண்டிய பள்ளிகளுக்கு முதலில் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே, பணம் எதுவரை தாங்கும் என்று பார்த்து, மாவட்டம் ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்கு மேலே இருந்தால் பணம், கீழே இருந்தால் ஒன்றுமில்லை. சரிவாகக் குறைவது கிடையாது. மாடிப்படி மாதிரி இல்லை ஐயா, மொட்டை மாடி விளிம்பு மாதிரி.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஒரு பள்ளியில் 500 பிள்ளைகள், அதில் 300 பேர் ஏழைகள். 60 விழுக்காடு. மாவட்டம் போட்ட கோடும் 60. ஏழைப் பிள்ளை ஒருவருக்கு 600 டாலர் என்றால் பள்ளிக்கு வருவது 1,80,000 டாலர். ஒரு வாசிப்பு ஆசிரியை, ஓரிரு வகுப்பு உதவியாளர்கள், பள்ளி நேரம் முடிந்தபின் நடக்கும் தனிவகுப்பு. அடுத்த வருடம் பக்கத்தில் புது அடுக்குமாடி எழும்பி, வசதியான வீட்டுப் பிள்ளைகள் 40 பேர் சேர்கிறார்கள். இப்போது 540 பேர். ஏழைகள் அதே 300. விழுக்காடு 55.6. வரும் பணம்? பூஜ்யம்.

எதிரணி நண்பரே, இங்கே வறுமை எங்கே குறைந்தது? ஒரு பிள்ளையின் வீட்டு அடுப்பாவது கூடுதலாக எரிந்ததா? அதே 300 பிள்ளைகள், அதே வீடு, அதே வாடகை பாக்கி. பிரிக்கும் எண் பெரிதானது, அவ்வளவுதான். வகுத்தல் கணக்கில் கீழே இருக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும் என்பது நான்காம் வகுப்புப் பாடம். பட்ஜெட் புரியாது என்கிறீர்களே, பெரியவர்கள் ‘வறுமை குறைந்துவிட்டது’ என்று படிக்கும் எண்ணை, அந்தப் பாடம் படித்த பிள்ளை சரியாகவே படித்துவிடும்.

யாரும் புதிதாகச் சேராமலேயே பள்ளி கோட்டுக்குக் கீழே விழலாம். ஏழைப் பிள்ளை என்று எப்படி எண்ணுகிறார்கள்? மதிய உணவுக் கணக்கை வைத்து எண்ணுவதே பரவலான வழக்கம். குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவச உணவு, 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் குறைந்த விலை உணவு. இதற்கு வீட்டிலிருந்து ஒரு படிவம் நிரப்பி வர வேண்டும். அந்தப் படிவம் புத்தகப் பையின் அடியில் ஆரஞ்சுத் தோலோடு கசங்கிக் கிடக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராவிட்டால் அங்கேயே கிடக்கும். வருமானத்தை எழுதிக் கொடுத்தால் குடியுரிமை விவகாரத்தில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படும் வீடுகளும் உண்டு. என் உதாரணப் பள்ளியில் 12 படிவம் திரும்பி வராவிட்டால் 300 என்பது 288 ஆகும். 57.6 விழுக்காடு. போச்சு.

இன்னொரு சிக்கல் நல்ல காரியத்திலிருந்தே பிறந்தது. பல பள்ளிகள் இப்போது எல்லாப் பிள்ளைகளுக்குமே சாப்பாட்டை இலவசமாகக் கொடுக்கின்றன. நியூயார்க் நகரம் 2017-இல் தன் பொதுப் பள்ளிகள் அனைத்திலும் கொடுக்கத் தொடங்கியது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் சாப்பாட்டுக்குப் படிவம் தேவையில்லை என்றானதும், அதை யார் நிரப்பப் போகிறார்கள்? அதனால் ‘ஸ்நாப்’ உணவு உதவி போன்ற திட்டங்களின் பட்டியலில் உள்ள பிள்ளைகளை அரசே நேரடியாக எண்ணி, அதை 1.6-ஆல் பெருக்கி, வறுமைக் கணக்காக எடுத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. அந்த உதவிக்குத் தகுதி இல்லாத, அல்லது விண்ணப்பிக்கவே அஞ்சும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை அந்தப் பட்டியலில் வராது. பசி இருக்கும், பெயர் இருக்காது.

சரி, பாதுகாப்பே இல்லையா என்று கேட்பீர்கள். பள்ளி மாவட்டத்துக்கு உண்டு. அதன் வறுமை விகிதத்தைப் பொறுத்து, முந்தைய ஆண்டுத் தொகையில் 85 முதல் 95 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் சட்டம் தாங்கிப் பிடிக்கிறது. தனிப் பள்ளிக்கு அந்தத் தாங்கல் கிடையாது. தகுதி இழந்த பள்ளிக்கு மாவட்டம் விரும்பினால் இன்னும் ஒரே ஒரு ஆண்டு கொடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ‘கொடுக்கலாம்’ என்றுதான் இருக்கிறது நடுவர் அவர்களே, ‘கொடுக்க வேண்டும்’ என்று இல்லை. கேட்காத பள்ளிக்கு அது கிடைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் வீட்டில் சொல்வோமே, அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் இடம் இது.

இப்போது முதல் கேள்வி. பிள்ளைக்கு என்ன தெரியும்? சூத்திரம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நிதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பள்ளிக்கு வழக்கமாக வர வேண்டிய பணத்துக்கு மேலே கூடுதலாகத்தான் இதைச் செலவிட வேண்டும், அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. ஆகவே இந்தப் பணம் கூரையிலோ குழாயிலோ போய் மறைவதில்லை. பெரும்பாலும் ஒரு ஆளாக வந்து நிற்கிறது.

அந்த ஆள் எங்கே இருப்பார் தெரியுமா? வகுப்பின் மூலையில், சிறுநீரக வடிவத்தில் வளைந்த ஒரு மேசை. உள்வளைவில் ஆசிரியை, வெளிவளைவில் நான்கைந்து பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் மெல்லிய புத்தகம் ஒன்று. பிள்ளை சொல்லுக்கு அடியில் விரலை வைக்கிறது, தடுமாறுகிறது, ஆசிரியை வாயைத் திறக்காமல் காத்திருக்கிறார். 25 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அப்படிக் காத்திருக்க நேரம் ஏது? அந்தக் காத்திருப்பைத்தான் இந்தப் பணம் வாங்கிக் கொடுத்தது. அடுத்த வருடம் அவர் இருக்க மாட்டார் என்று கேள்விப்பட்டதும் என்ன போகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் கல்வி வாரியத்து உறுப்பினருக்கு அது பட்டியலில் ஒரு வரி. பிள்ளைக்கு அது அந்த ஆசிரியையின் முகம்.

ஏவி விட்டார்கள் என்பவர்கள் பதாகையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பெரியவர் எழுதிக் கொடுத்தது அளவெடுத்தாற்போல் இருக்கும். பிள்ளை எழுதியதில் முதல் சொல் பூசணிக்காய் அளவு, கடைசிச் சொல் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கியடித்துக் கீழ்நோக்கி வளையும். அதில் ‘நிதி’ என்ற சொல் இருக்காது, ஆசிரியையின் பெயர் இருக்கும்.

சிறுவர்களின் குரலுக்கு அமெரிக்காவில் முன்னோடி இல்லையா? 1965 டிசம்பரில் ஐயோவா மாநிலத்தில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்த டிங்கர் குடும்பத்தில் பால் என்ற சிறுவனுக்கு எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. அவனுடைய அக்காவும் அண்ணனும் இடைநீக்கம் செய்யப்பட்ட வழக்கில்தான், பாடத்தைக் குலைக்காத அமைதியான எதிர்ப்புக்கு மாணவருக்கு உரிமை உண்டு என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990 மார்ச் 12 அன்று, ஜெனிஃபர் கீலன் என்ற எட்டு வயதுச் சிறுமி சக்கர நாற்காலியை விட்டிறங்கி, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கையூன்றித் தவழ்ந்து ஏறினாள். அன்றும், குழந்தையை ஏன் இதில் இழுக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது.

மூன்றாவது கேள்வி, அவமானம். இதில் எதிரணி சொல்வதில் பாதி உண்மை. ‘நான் ஏழை’ என்று ஒரு பிள்ளையை எழுதிப் பிடிக்க வைப்பது தவறு, அதை எங்கள் அணியும் ஏற்காது. ஆனால் அப்படி எழுத வேண்டிய அவசியமே இல்லை. 40 விழுக்காடு வறுமையைத் தொட்ட பள்ளி, இந்த நிதியைப் பள்ளி முழுமைக்குமான திட்டமாக நடத்தலாம். அங்கே யார் படிவத்தால் பணம் வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த மேசைக்குத் திணறும் பிள்ளை யாரானாலும் வரலாம். ஆகவே தெருவில் நிற்பவர்களில் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் இருப்பாள், பாத்திரம் கழுவுபவர் வீட்டுப் பிள்ளையும் இருப்பான். எங்கள் ஆசிரியை வேண்டும் என்றுதான் இருவரும் கேட்கிறார்கள். அவமானம் எங்கே வந்தது?

பாட நேரம் வீணாகிறது என்றும் ஒரு குறை சொன்னார்கள். வகுப்பை விட்டு வெளியேறினால் பள்ளி நடவடிக்கை எடுக்கலாம், அதில் சட்டப் பாதுகாப்பு இல்லை. அதனால் விவரம் தெரிந்த பெற்றோர் முதல் மணிக்கு முன் அரை மணி நேரம், நடைபாதையில், தாங்களும் கூடவே நின்று நடத்துவார்கள். பள்ளியைக் கோட்டுக்கு மேலே கொண்டுபோக, திரும்பி வராத படிவங்களை வீடு வீடாகக் கேட்பார்கள். பிறகு வாரியக் கூட்டத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டு, கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் மூன்றே விஷயம் கேட்பார்கள்: அந்த ஒரு வருடச் சலுகையைக் கொடுங்கள், கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்று மறுபடி பாருங்கள், அதுவரை உள்ளூர் நிதியிலிருந்து ஆசிரியையின் பணியிடத்தைத் தாங்குங்கள்.

நேரமும் முக்கியம் நடுவர் அவர்களே. அடுத்த கல்வியாண்டுக்கான பணியிடங்கள் பெரும்பாலும் வசந்த காலத்திலேயே முடிவாகிவிடும். கோடையில் அந்த ஆசிரியை வேறு பள்ளிக்குப் போய்விடுவார். செப்டம்பரில் பிள்ளைகள் திரும்பி வரும்போது அந்த வளைந்த மேசை சுவரோரம் தள்ளப்பட்டு, அதன்மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். அப்போது அழுது பயனில்லை என்பதால்தான் ஏப்ரல் மாதக் குளிரில் காலை ஏழரைக்கு வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் அறிந்தே நிற்கிறார்கள் என்று தீர்ப்பளிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.