நீரிழிவு ஆராய்ச்சியும் ஓர் அளவு நாடாவும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். ஓர் ஆராய்ச்சி நிறுவகத்தின் பெறுமதியை, அது வெளியிட்ட கட்டுரைகளின் தொகையையும் அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய தடவைகளையும் கொண்டு கணிப்பது கல்வியுலக வழக்கம். 1996 இல் சென்னையில் வைத்திய கலாநிதி வி. மோகன் நிறுவிய மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவகம் அந்தக் கணக்கிலும் உயர்ந்தே நிற்கிறது. ஆனாலும் என் மனதில் நிற்பது அதன் ஒரேயொரு கட்டுரைதான்.

2001 இல் தொடங்கிய ஆய்வொன்றில் அந்நிறுவகம் சென்னை நகரவாசிகள் 26,001 பேரைப் பரிசோதித்தது. அத்தரவுகளிலிருந்து 2005 இல் அந்தக் கட்டுரையாகப் பிறந்ததே இந்திய நீரிழிவு அபாயப் புள்ளி. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்பது ஆகிய நான்குக்கும் சேர்த்து 100 புள்ளிகள். 60 ஐ எட்டினால் அபாயம் அதிகம். கிளினிக்குக்குத் துணையாக வந்த ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள்: வயது 52, அதற்கு 30, இடுப்பு 92 சென்ரிமீற்றர், அதற்கு 20, நாள் முழுதும் தையல் மெசினுக்கு முன் இருப்பவர், அதற்கு 30, அவரது தாய்க்குச் சீனி வருத்தம், அதற்கு 10. ஒரு துளி இரத்தமும் எடுக்காமல், ஓர் அளவு நாடாவைக் கொண்டே 90 என்று அறிந்து, அவரை அன்றே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இதைவிடப் பெரிய ஆய்வுப் பயனை நான் அறியேன்.

அதே நிறுவகம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து, 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாகச் சென்று 1,13,043 பேரை ஆராய்ந்தது, 11.4 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இலங்கையில் 2008 இல் வெளியான தேசிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதம் என்றது. அவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் தமக்கு நோயிருப்பதையே அறியாதிருந்தனர். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. நாடெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட அந்த எண்ணுக்குள் யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் இல்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

சென்னைவாசிகளை வைத்து வகுத்த புள்ளிகள், குத்தரிசிச் சோறும் புட்டும் உண்டு, பல தடவை இடம்பெயர்ந்து வாழ்ந்த எம்மவருக்கு அப்படியே பொருந்துமா என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும். அதற்குக் கூடிய புள்ளி பெற்றவர்களின் இரத்தம் மட்டும் போதாது; 60 க்குக் குறைவாகப் பெற்றவர்களும் வெறும் வயிற்றோடு வந்து இரத்தம் தந்தால்தான், அந்த நாடா எத்தனை பேரைத் தவறவிடுகிறது என்பது தெரியவரும்.