கிளாஸே நடக்காம டிகிரியா? காம்பிடன்சி படிப்பு எப்படி ஓடுதுன்னு பாப்போம்

ஹாய் மக்களே, வணக்கம். இன்னைக்கு வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி, சுருக்கமா டபிள்யூ.ஜி.யு., அதப்பத்திதான் பேசப்போறேன். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல இருக்கு. 1997-ல மேற்கு மாநிலங்களோட கவர்னர்கள் 19 பேர் சேந்து ஆரம்பிச்சது. கேம்பஸ் கிடையாது, காலையில எட்டு மணி லெக்சர் கிடையாது, எல்லாமே ஆன்லைன். காம்பிடன்சி படிப்புன்னா, எத்தனை மணி நேரம் கிளாஸ்ல உக்காந்தன்னு பாக்காம, உனக்கு என்ன செய்யத் தெரியும்ங்குற திறமைய வச்சு டிகிரி கொடுக்குறது. இப்போ ஒன்றரை லட்சம் பேருக்கு மேல படிக்கிறாங்க, அதுல பெரும்பாலானவங்க வேலைக்குப் போயிக்கிட்டு குடும்பத்தையும் பாத்துக்கிட்டு படிக்கிறவங்க.

ஆன்லைன் காலேஜ் ஆயிரம் இருக்கேப்பா, இதுல என்ன புதுசுன்னு கேப்பீங்க. அதுக்கு கிரெடிட் அவர், அதாவது கிளாஸ் நேரத்த வச்சு படிப்ப அளக்குற கணக்கு, எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியணும், ஏன்னா இவங்க மாத்துறது அதைத்தான்.

1900-கள் ஆரம்பத்துல ஆண்ட்ரூ கார்னகி, ஸ்டீல் கம்பெனி வச்சு பெரிய பணக்காரர் ஆனவர், காலேஜ் புரொபசர்களுக்கு பென்ஷன் கொடுக்குறதுக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பணத்த கையில வச்சிருந்த ஃபவுண்டேஷன் என்ன பண்ணுச்சுன்னா, பென்ஷன் வேணும்னா உங்க காலேஜ்ல அட்மிஷனுக்கு இத்தனை யூனிட் படிச்சிருக்கணும்னு ரூல் வைங்க, ஒரு யூனிட்னா ஒரு பாடத்த 120 மணி நேரம் படிச்சதுன்னு கணக்கு போட்டுச்சு. அப்படி ஸ்கூல்ல ஆரம்பிச்ச மணிக்கணக்குதான் காலேஜுக்குள்ள வந்து கிரெடிட் அவரா உக்காந்துருச்சு. அதாவது பென்ஷன் யாருக்குன்னு முடிவு பண்ண போட்ட கணக்கு, நூறு வருஷத்துக்கு மேலயும் ஒரு மாணவனுக்கு என்ன தெரியும்ங்குறதுக்கு அளவுகோலா நிக்குது. எனக்கு இது படிக்கும்போதே ஆத்திரமா வந்துச்சு. அதே கார்னகி ஃபவுண்டேஷனே 2023-ல டோஃபல், ஜி.ஆர்.இ. எக்ஸாம் நடத்துற இ.டி.எஸ். கூட சேந்து, மணிக்கணக்க விட்டுட்டு திறமைய அளக்க வேற வழி தேடுறோம்னு இறங்கிட்டாங்க.

சரி, டபிள்யூ.ஜி.யு. எப்படி ஓடுது? நம்ம ஊர்ல லைசன்ஸ் எடுக்கப் போனா எட்டு போட்டு காட்டுன்னுதான் சொல்வாங்க, எத்தனை நாள் வண்டி ஓட்டிப் பழகுனன்னு யாரும் கேக்க மாட்டாங்க இல்லையா, அந்த மாதிரிதான். ஒவ்வொரு கோர்ஸுக்கும் உனக்கு என்னென்ன செய்யத் தெரியணும்னு எழுதி வச்சிருப்பாங்க. உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னா டெஸ்ட் எழுது, அடுத்ததுக்குப் போ. டெஸ்ட் ரெண்டு வகை. ஒன்னு வெப்கேம் போட்டு ஆள் பாத்துக்கிட்டு இருக்க எழுதுற எக்ஸாம், இன்னொன்னு ஒரு வேலைய செஞ்சு சமர்ப்பிக்கிறது, ரிப்போர்ட், லெசன் பிளான், கோட், எதுவா வேணா இருக்கலாம். சரியில்லன்னா எங்க குறைன்னு குறிச்சு திருப்பி அனுப்புவாங்க, திருத்திக் கொடுக்கலாம். ஏ கிரேடு பி கிரேடுன்னு எதுவும் இல்ல, பாஸ் ஆனா பி கிரேடுக்கு சமம்னு எடுத்துக்குறாங்க.

ஃபீஸ்தான் முக்கியமான விஷயம். ஆறு மாசத்துக்கு ஒரே தொகை, அதுக்குள்ள எத்தனை கோர்ஸ் முடிச்சாலும் கூடுதலா ஒரு பைசா கிடையாது. பத்து வருஷம் ஆஸ்பத்திரியில வேலை பாத்த ஒரு நர்ஸ் பி.எஸ்.என்.ங்குற நர்சிங் பட்டப்படிப்பு டிகிரி வாங்க வர்றாங்கன்னு வச்சுக்கோங்க, தினமும் வார்டுல செஞ்சுக்கிட்டு இருக்குறத அவங்க எதுக்கு மறுபடியும் ஒரு செமஸ்டர் முழுக்க உக்காந்து கேக்கணும், எதுக்கு அதுக்குக் காசு கட்டணும்? தெரிஞ்சத வேகமா காட்டிட்டு, தெரியாத ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல ரெண்டு மாசம் செலவு பண்ணட்டுமே. வழக்கமான காலேஜ்ல நேரம் எல்லாருக்கும் ஒன்னு, கத்துக்குற அளவு ஆளுக்கு ஆள் வேற, இங்க அது அப்படியே தலைகீழ்.

எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, இங்க புரொபசர் வேலைய மூணா பிரிச்சுட்டாங்க. மென்டர்னு ஒருத்தர், சேந்த நாள்லேருந்து முடிக்கிற வரைக்கும் உன்கூட போன்ல பேசி எங்க நிக்குறன்னு பாத்துக்கிட்டே இருப்பார். பாடத்துல சந்தேகம்னா கோர்ஸ் இன்ஸ்ட்ரக்டர் தனி. பேப்பர் திருத்துறவர் வேற, அவருக்கு உன்ன யாருன்னே தெரியாது. பிடிச்ச பையனுக்கு ரெண்டு மார்க் தூக்கிப் போடுறது, எதிர்த்துப் பேசுனவன அமுக்குறது, அதுக்கெல்லாம் இங்க இடமே இல்ல.

ஆனா இதே விஷயம்தான் பெரிய பிரச்சனையையும் கொண்டு வந்துச்சு. 2017-ல அமெரிக்க கல்வித் துறையோட ஆடிட் பிரிவு, இங்க ஆசிரியர் மாணவர் கூட முறையா தொடர்புல இல்ல, இது தபால் வழிக் கல்வி மாதிரி இருக்குன்னு சொல்லி, வாங்குன அரசு உதவிப் பணம் 71 கோடி டாலருக்கு மேல திருப்பிக் கட்டணும்னு ரிப்போர்ட் கொடுத்துச்சு. மென்டர் வாராவாரம் பேசுறாரேன்னா, அவர் அந்தப் பாடத்துல நிபுணர் இல்ல, அதனால கணக்குல வராதுன்னுட்டாங்க. கடைசியில 2019 ஜனவரியில கல்வித் துறை கட்டத் தேவையில்லன்னு முடிவு பண்ணுச்சு, ரூலையே கொஞ்சம் தெளிவா எழுதுனாங்க, அது 2021-ல நடைமுறைக்கு வந்துச்சு. ஆடிட்டர் கேட்டது அநியாயமான கேள்வின்னு நான் சொல்ல மாட்டேன். அரசு கடன் பணத்துல வெறும் பரீட்சை மட்டும் நடத்திட்டு டிகிரி விக்கிற கூட்டம் எந்த ஊர்லயும் வரும், அதத் தடுக்கத்தான் அந்த ரூலே. ஆனா 300 பேர் உக்காந்திருக்குற ஹால்ல கடைசி பெஞ்ச்ல இருக்குறவன்கிட்ட ஒரு செமஸ்டர் முழுக்க யாருமே ஒரு வார்த்தை பேசலன்னா, அத யார் ஆடிட் பண்றாங்க சொல்லுங்க?

2013-ல சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் யுனிவர்சிட்டி இன்னும் ஒரு படி மேல போய், கிரெடிட்டே இல்லாம 120 காம்பிடன்சி மட்டும் வச்சு ரெண்டு வருஷ டிகிரிக்கு அரசு உதவி அனுமதி வாங்குனாங்க. அவங்க பின்னாடியே கேப்பெல்லா, விஸ்கான்சின்னு மத்த யுனிவர்சிட்டிகளும் இந்த வழிக்கு வந்தாங்க.

இப்போ மனசுல பட்டத சொல்றேன். இந்த முறையில எல்லாமே டெஸ்டோட தரத்துலதான் நிக்குது. டெஸ்ட் மொக்கையா இருந்தா வேகமா முடிக்கிறதுல ஒரு பெருமையும் இல்ல. பிளஸ் டூ முடிச்சு நேரா வர்ற பதினெட்டு வயசுப் பையனுக்கு இத நான் சொல்லவே மாட்டேன், கூட உக்கார ஆள் இல்லாம, நாளைக்குப் படிக்கலாம்னு தள்ளிப்போட்டே ஆறு மாசம் போயிரும், ஃபீஸும் போயிரும். ஏற்கனவே வேலை தெரிஞ்சு, பேப்பர் மட்டும் இல்லாததால பிரமோஷன் நின்னு போனவங்களுக்குத்தான் இது. அமெரிக்காவுல இருக்குறவங்க யாராவது சேர நினைச்சா டீச்சர், நர்ஸ் லைசன்ஸ் ரூல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அத மொதல்ல பாருங்க, அப்புறம் ஜி.பி.ஏ. இல்லாத மார்க் ஷீட்ட நீங்க அடுத்து போகப்போற மாஸ்டர்ஸ் காலேஜ் ஏத்துக்குமான்னு அவங்ககிட்டயே மெயில் போட்டு எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.