பழைய மௌன்டன் சைக்கிளுக்குப் புதிய பாகங்கள்

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடைக்காத யாழ்ப்பாணத்திலே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆகையால், ஓடக்கூடிய ஒரு சைக்கிளைப் பழைய இரும்போடு நிறுத்துக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

கனடாவிலிருந்து அண்ணா கப்பலில் அனுப்பிய பெட்டியில் வந்த, 1990களில் செய்யப்பட்ட மௌன்டன் சைக்கிள் ஒன்றை அண்மையில் புதுப்பித்தேன். அதன் சட்டம் குரோமியமும் மொலிப்டினமும் கலந்த குரோமோலி உருக்கு. ஒட்டுக்களில் வெடிப்பில்லை, குழாய்களில் நெளிவில்லை என்று வெயிலில் வைத்துப் பார்த்து உறுதி செய்த பின்னரே செலவில் இறங்கினேன்.

பாகம் வாங்குமுன் அளக்க வேண்டும் என்பதை நான் ஒரு ரயரில் கற்றேன். 26 அங்குல ரயர் என்று கேட்டு வாங்கி வந்தது றிம்மில் ஏறவே இல்லை. நமது சாதாரணச் சைக்கிள்களில் வரும் ஒரு வகை 26 அங்குல றிம்மின் அளவு 590 மில்லிமீற்றர். மௌன்டன் சைக்கிளினுடையதோ 559. ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

ஆகக் கடினமான வேலை சீற் தண்டைக் கழற்றியதுதான். அலுமினியத் தண்டு, உப்புக் காற்றுப் பட்டு, உருக்குக் குழாயோடு ஒன்றாய்ப் பிடித்திருந்தது. சட்டத்தைத் தலைகீழாக நிறுத்தி, இரு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சு கிடக்கும் பெடல் அச்சுக் குழாய் வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி மூன்று நாள் விட்டேன். பின்னர் தண்டின் தலையை வைஸில் இறுக்கி, சட்டத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெல்லத் திருப்பினேன். கிறீச்சென்ற சத்தத்தோடு, வெள்ளைத் தூள் அப்பியபடி அது வெளியே வந்தது. திரும்பப் போடும்போது கிறீஸ் பூச மறக்கலாகாது. பெடல் அச்சுக் குழாயின் வலப்பக்க மரை இடஞ்சுழியானது என்பதால், அச்சை அங்கே பிடித்திருக்கும் மூடியைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் மரையைத் தின்னக் கொடுத்தவர்கள் பலர்.

குட்டைக் கைகளால் றிம்மைப் பிடிக்கும் பழைய கன்ரிலிவர் பிறேக்கின் முளைகளிலேயே, நீண்ட கைகள் கொண்ட வீ-பிறேக் பொருந்தும். ஆனால் அது கூடுதல் நீளம் கம்பி இழுப்பதால், கைப்பிடி லீவரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஸ்க் பிறேக்குக்காகச் சட்டத்தில் தகடு ஒட்டுவிக்க வேண்டாம். அந்த இடத்துக் குழாய் அவ்விசையைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று.

கியரில் நான் துணிந்து குறைத்தேன். குன்றே இல்லாத நமது குடாநாட்டில் முன்னால் மூன்று பற்சக்கரம் எதற்கு? பின் கவையின் இடைவெளி 135 மில்லிமீற்றராக இருந்தது, புதிய பின்சில்லு பொருந்த வசதியாயிற்று. ஏழு கியர்ச் சில்லுக்குப் பதிலாக, 11 முதல் 36 பல் வரையுள்ள ஒன்பது கியர்ச் சில்லையும், முன்னால் செயின் கழலாத அகலப் பல்லும் ஒடுங்கிய பல்லும் மாறி மாறி அமைந்த ஒரேயொரு 38 பற்சக்கரத்தையும் பூட்டினேன். வல்லை வெளியின் எதிர்காற்றில் நெஞ்சு நோகாமல் மிதிப்பதற்கு அந்தப் பெரிய பின்பல்லே உதவுகிறது.

நிறப்பூச்சை மாற்றவில்லை. குழாய்களின் உட்புறத்தில் மட்டும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஓடவிட்டு வடித்தேன். பெடல் அச்சுக் குழாயின் அடியிலுள்ள சிறு நீர்த்துளையில் சேறு அடைந்திருந்தால், மாரி தொடங்குமுன் ஒரு மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள்.