476-ல் ரோமில் கடை வைத்திருந்தவருக்கு என்ன மாறியது?

சரி, அடுத்த கேள்வி. "476-ல் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்த வருஷம் ரோம் நகரத்தில் கடை வைத்திருந்த ஒரு சாதாரண ஆளுக்கு அது தெரிந்திருக்குமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

செய்தி காதில் விழுந்திருக்கும். ஆனால் அவர் மறுநாளும் வழக்கம்போலக் கடை திறந்திருப்பார். அந்தச் சம்பவம் நடந்தது வடக்கே ரவென்னாவில். பேரரசர் அப்போது அங்கேதான் இருந்தார். ஒடோவேக்கர் என்ற படைத்தலைவர், ரோமுலஸ் அகஸ்துலஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கினார். கொல்லக்கூட இல்லை. வருஷத்துக்கு 6,000 பொற்காசு கொடுத்து, தெற்கே காம்பானியாவுக்கு அனுப்பிவைத்தார். அரச சின்னங்கள் கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோப்பிளுக்குப் போயின. ரோமில் செனட் தொடர்ந்து கூடியது. குளியல் கூடங்களில் தண்ணீர் ஓடியது. 493-ல் ஒடோவேக்கரைக் கொன்று ஆட்சிக்கு வந்த தியோடரிக், கோத் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசர், நகரத்து ஏழைகளுக்குத் தானியம் கொடுத்தார், பழைய கட்டடங்களைச் செப்பனிட்டார்.

அந்தக் கடைக்காரரின் வயிற்றில் அடித்த வருஷம் எது என்று கேட்டால் நான் 439 என்பேன். அந்த வருஷம்தான் வாண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தின் அரசன் கெய்செரிக், வட ஆப்பிரிக்காவில் இருக்கிற கார்த்தேஜ் நகரத்தைப் பிடித்தான். ரோமுக்கு வந்த தானியத்திலும் எண்ணெயிலும் பெரும்பகுதி வட ஆப்பிரிக்காவிலிருந்து, அதுவும் வரியாக வந்துகொண்டிருந்தது. அது கைவிட்டுப் போனதும் நகரம் மெல்ல மெல்லச் சுருங்க ஆரம்பித்தது. (இடையில் ஒன்று: அதற்கும் முன்னால், 408-ல் ரோமை முற்றுகையிட்ட கோத் தலைவன் அலாரிக், விலகிப்போக என்ன கேட்டான் தெரியுமா? தங்கம், வெள்ளி, பட்டு, அவற்றோடு 3,000 ராத்தல் மிளகு! நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு அது.)

அப்புறம்தான் உண்மையான துயரம். அது எதிரியின் பெயரால் வரவில்லை, ரோமை மீட்கிறோம் என்ற பெயரால் வந்தது. கிழக்கே பேரரசர் ஜஸ்டினியன், இத்தாலியைக் கோத்துகளிடமிருந்து மீட்க 535-ல் போரைத் தொடங்கினார். தளபதி பெலிசாரியஸ் 536 டிசம்பரில் ரோமுக்குள் நுழைந்தார். அடுத்த மார்ச்சில் கோத் அரசர் விட்டிஜிஸ் வந்து நகரத்தைச் சூழ்ந்துகொண்டார். வந்ததும் அவருடைய ஆட்கள் செய்த வேலை, ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களை வெட்டியது.

குடிக்க ஆறும் கிணறும் இருந்தன. குளியல் கூடங்கள் நின்றுபோயின. அதைவிடப் பெரிய சிக்கல், மாவு. ரோமின் மாவு ஆலைகள் யானிக்குலம் குன்றின் சரிவில், கால்வாய்த் தண்ணீரின் விசையில் ஓடின. தண்ணீர் நின்றால் ஆலை நிற்கும், ஆலை நின்றால் ரொட்டி இல்லை. மாடு கட்டி அரைக்கலாம் என்றால், முற்றுகையில் இருக்கிற ஊரில் மாட்டுக்குத் தீவனம் எங்கே? பெலிசாரியஸ் செய்ததைப் பாருங்கள். டைபர் ஆற்றில் பாலத்துக்குக் கீழே, தண்ணீர் வேகமாகப் பாய்கிற இடத்தில், இக்கரைக்கும் அக்கரைக்கும் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றில் இரண்டு இரண்டு படகுகளாக, நடுவில் இரண்டடி இடைவெளி விட்டுப் பிணைத்தார். படகுகளில் திரிகைகள், இடைவெளியில் ஒரு சக்கரம். ஆறே சக்கரத்தைச் சுழற்றி மாவரைத்தது. கோத்துகள் சும்மா இருப்பார்களா? மேலே இருந்து பெரிய மரங்களையும் பிணங்களையும் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். பெலிசாரியஸ் பாலத்தின் முன்னால் இரும்புச் சங்கிலிகளைக் குறுக்கே கட்டி, வருவதையெல்லாம் தடுத்து அள்ளினார். இதையெல்லாம் எழுதிவைத்த புரோகோபியஸ், தளபதியின் செயலாளராக அந்த முற்றுகைக்குள் இருந்தவர். டைபரில் அந்தப் படகு ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் மாவரைத்தன.

ஒரு வருஷமும் ஒன்பது நாளும் கழித்து முற்றுகை விலகியது. போர் விலகவில்லை. 546-ல் கோத் அரசர் டோட்டிலா நகரத்தைப் பிடித்தபோது, பொதுமக்கள் 500 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள் என்கிறார் புரோகோபியஸ். எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஒரு காலத்தில் பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படுகிற ஊர் அது!

அந்த 500 பேர் என்ற பேச்சு வருகிற இடத்திலேயே ஒரு பெண்ணின் பெயரும் வருகிறது. ருஸ்டிசியானா. செனட்டின் தலைவராக இருந்த சிம்மாக்கஸின் மகள், தத்துவ அறிஞர் போயத்தியஸின் மனைவி. கணவரையும் தந்தையையும் தியோடரிக் கொன்றுவிட்டார். பசியால் தவித்தவர்களுக்குத் தன் சொத்தையெல்லாம் கொடுத்தவர் இவர். அடிமைகளும் குடியானவர்களும் உடுத்துகிற துணியை உடுத்திக்கொண்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி, எதிரிகளிடம் ரொட்டி கேட்டார். தியோடரிக்கின் சிலைகளை உடைக்கக் காசு கொடுத்தவள் என்று சொல்லிக் கோத் வீரர்கள் அவரைக் கொல்லத் துடித்தார்கள். டோட்டிலா விடவில்லை. அவர்மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்.